துப்பாக்கி இருக்கட்டும், பரணை விற்றுவிடுங்கள்

விஸ்கான்சினிலும் அதை ஒட்டிய மாநிலங்களிலும் நவம்பர் பிறந்தால் ஆரஞ்சுச் சட்டையைத் தேடி எடுக்கும், அறுபதைத் தாண்டிய தமிழ் நண்பர்களுக்கு,



நாம் பெரிய கூட்டம் இல்லை. பொங்கல் விழாவில் ஒரு மூலையாகப் பார்த்து ஒதுங்கி, வீட்டம்மாக்கள் காதில் விழாதபடி பேசிக்கொள்கிறவர்கள். வேலை பார்த்த இடத்தில் யாரோ ஒருவர் ‘ஒரு தடவை வந்துதான் பாரேன்’ என்று கூப்பிட, போய், குளிரில் விறைத்து, அப்படியும் பிடித்துப்போய், அதிலேயே ஊறிவிட்டவர்கள். ஊரில் சொன்னால் ‘மானையா சுடுகிறாய்?’ என்று முகம் சுளிப்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு புள்ளிமானைச் சுட்டால் சிறைதான். இங்கே கதை வேறு. வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது. அதை மட்டாக வைத்திருக்க மாநில அரசே வேட்டைக்காரர்களைத்தான் நம்பியிருக்கிறது. அந்த வழக்கை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் அந்த மூலையில் கொம்பைப் பற்றிய பேச்சு குறைந்து, முழங்காலைப் பற்றிய பேச்சு ஏறிவிட்டது. மூட்டுத் தேய்மானம், சவ்வுக் கிழிசல், ஊசி, எக்ஸ்ரே. உங்களில் ஒருவர் ‘இந்த வருஷத்தோடு சரி, துப்பாக்கியை விற்றுவிடப் போகிறேன்’ என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். என் வலது முழங்காலும் உங்கள் கட்சிதான். ஆகவே உரிமையோடு சொல்கிறேன்: துப்பாக்கியை விற்காதீர்கள். விற்க வேண்டியது மரத்தில் ஏறி உட்கார்கிற பரண்.

முதலில் ஊர் நிலவரம். 2000ஆம் ஆண்டில் விஸ்கான்சினில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்கு உரிமம் எடுத்தவர்கள் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர். இப்போது 5.5 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த அந்தப் பெரிய தலைமுறை எழுபதைத் தாண்டி, ஒவ்வொருவராகக் காட்டைவிட்டு இறங்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இறங்குகிற எல்லாருக்கும் கால் போய்விட்டதா என்ன? நான் பார்த்தவரை அவர்களில் பலருக்கு நடக்க முடிகிறது. முன்போல நடந்து காட்டத்தான் முடியவில்லை. ராத்திரி முகாமில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ‘நான் அந்தச் சதுப்பையும் தாண்டிப் போனேன்’ என்று சொல்ல முடியாத வருத்தம் வலியைவிடப் பெரிதாகிவிடுகிறது. வண்டிப் பாதைக்குப் பக்கத்து இடத்தை முகாமில் எப்போதும் சின்னப் பையன்களுக்கும் கிழவர்களுக்கும் ஒதுக்குவார்கள். அந்த இடத்தை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

கேளுங்கள் ஐயா. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தந்திரமும் இருக்கிறது. நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை சீசன் திறக்கிறது, ஒன்பது நாள். முதல் நாள் காலையில் இளவட்டங்கள் எல்லாரும் இருட்டோடு உள்ளே போய்விடுவார்கள். பதினொரு மணிக்குக் குளிரும் பசியும் ஒன்றாக வந்து, ஒவ்வொருவராக எழுந்து வண்டியைப் பார்த்து நடப்பார்கள். அந்த நடையில் படுத்திருக்கிற மான் எழும். எழுந்த மான் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை இடத்தைவிட்டு அசையாமல், ஃபிளாஸ்க்கில் காப்பியும் கையில் தயிர்சாதமுமாக உட்கார்ந்திருக்கிற கிழவனைத் தேடி அது வருவது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. காட்டில் நடக்கிறவனைவிட உட்கார்ந்திருக்கிறவனுக்கு வாய்ப்பு அதிகம். நடை நமக்குப் பிடித்திருந்ததால் நடந்தோம், அவ்வளவுதான்.

இனிப் பரண் விஷயம். மரத்தில் சாய்த்துக் கட்டிய ஏணிப் பரணோ, ஏறி ஏறி நகர்த்துகிற பரணோ, எதுவாக இருந்தாலும் பெரிய ஆபத்து மேலே உட்கார்ந்திருக்கும்போது இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும், குறிப்பாக ஏணியிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து ஏணிக்கும் காலை மாற்றும் அந்த ஒரு எட்டில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரம் மடக்கி வைத்திருந்த மூட்டு, குளிரில் இறுகி, இருட்டில், உறைபனி படிந்த படியில் உடம்பின் முழு எடையையும் தாங்க வேண்டும். தேய்ந்த முழங்கால் அறிவிப்புக் கொடுக்காமல் மடங்கும்; அதைத்தான் நாம் ‘கால் விட்டுவிட்டது’ என்கிறோம். சமையலறையில் விட்டால் மேடையைப் பிடித்துக்கொள்ளலாம். பதினைந்து அடி உயரத்தில் எதைப் பிடிப்பது? முழு உடல் ஹார்னஸும், தரையிலிருந்தே கொக்கியை மாட்டிக்கொண்டு ஏறுகிற உயிர்க்கயிறும் இல்லாமல் இருபது வயதுப் பையன்கூட ஏறக் கூடாது. நமக்கு அவை இருந்தும் போதாது. ஹார்னஸ் விழாமல் பிடிக்கும். அதில் தொங்கிக்கொண்டிருக்கிறவர் திரும்பவும் ஏணிக்குக் காலைக் கொண்டுவர வேண்டுமே, எந்தக் காலை?

ஆகவே தரைக்கு வாருங்கள். மறைவுக் கூடாரம் போதும். துணிக்கூடாரம் என்றால் மான் அதற்குப் பழகச் சில வாரம் முன்பே போட்டு வையுங்கள். சொந்த நிலமோ நண்பர் நிலமோ என்றால்தான் அப்படி விட்டுவைக்கலாம். பொது நிலத்தில் விட்டுவைக்கிற விதிகள் வேறு, பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி சீசனில் அரசு நிலத்தில் போட்டால் நாலு பக்கமும் தெரியும்படி ஆரஞ்சு நிறம் 144 சதுர அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது விஸ்கான்சின் விதி, அதாவது ஓரடிக்கு ஓரடி. வசதி உள்ளவர்கள் கைப்பிடியோடு மரப்படி வைத்த பெட்டிப் பரண் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடி இரண்டு பக்கமும்.

கூடாரத்துக்குள் எல்லாரும் கோட்டைவிடுவது நாற்காலியில். கடையில் கிடைக்கிற முக்காலி எல்லாம் ஒன்றேகால் அடி உயரம்தான். அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும். மூட்டு அந்த அளவு மடங்கி இருக்கும்போது முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். எழுந்திருக்கும்போது ஒரு முனகல் வரும் பாருங்கள், அதுவே போதும் மானை அடுத்த கவுண்டிக்கு அனுப்ப. உட்காரும் பலகை உங்கள் முழங்கால் மட்டத்துக்கு மேலே இருக்கிற, முதுகு சாய்கிற, ஓசையில்லாமல் சுழல்கிற நாற்காலியை வாங்குங்கள். வலது தோளில் துப்பாக்கி வைக்கிறவர்களுக்கு உடம்பு இடதுபக்கம்தான் சுலபமாகத் திரும்பும். மான் வரும் தடம் உங்களுக்கு இடதுகைப் பக்கம் விழும்படி நாற்காலியைப் போடுங்கள். காலை மாற்றி வைக்காமலே குறி பார்க்கலாம். அரைமணிக்கு ஒருமுறை காலை மெல்ல முன்னே நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணி விடுங்கள். கூடாரத்துக்குள் மானுக்கு அது தெரியாது. மரத்தின் மேல் இதைச் செய்ய முடியாது என்பது பரணுக்கு எதிரான என் அடுத்த புகார்.

உள்ளே போய் வரும் நடையைக் குறைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது. அதற்கு இரண்டு கோல் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் முழங்காலுக்குப் போகும் பாரத்தைக் கோல் கணிசமாகக் குறைக்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே கோல்தான் என்றால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வலிக்கிற பக்கமே ஊன்றினால் உடம்பு அந்தக் காலின் மேலேயே சாய்கிறது. மேட்டில் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது, காட்டு ஓடைக் கரைக்கும் பொருந்தும். பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களை வைத்து 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று கண்டது. உடம்பில் இருந்தால் என்ன, முதுகுப் பையில் இருந்தால் என்ன, மூட்டுக்கு எடை எடைதான். இரண்டாவது கத்தி, மூன்றாவது டார்ச், யாரும் தொடாத அந்தக் கோடாலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

‘வலிக்கிறதே, ஓய்வு கொடுத்தால் சரியாகும்’ என்று மே மாதம் முதல் சோபாவில் உட்கார்ந்துவிட்டு நவம்பரில் எழுந்து வருகிறீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டைச் சுற்றியுள்ள நீரிலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது, அசைந்தால்தான் அந்த நீர் உள்ளே இறங்கும். தொடையின் முன்தசை முழங்காலுக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி. அது மெலிந்தால் அதிர்ச்சி எல்லாம் நேராக எலும்புக்குப் போகும். தசை தேறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமாவது பிடிக்கும். ஆகஸ்டில் ஆரம்பித்தால்தான் உண்டு. பெரிய ஜிம் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படுத்துக்கொண்டு காலை நீட்டித் தூக்குவது, வாசல் படியில் ஏறி இறங்குவது போதும். நாம் சின்ன வயதில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வளர்ந்தவர்கள், ‘எனக்கு எதற்கு இதெல்லாம்’ என்று தோன்றும். அந்தக் கால் வேறு ஐயா.

மருந்து பற்றி என் கருத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள். காலையில் இரண்டு ஐப்யூப்ரோஃபென், மதியம் இரண்டு என்று போட்டுக்கொண்டு ஒன்பது நாள் ஓட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிகிற மாத்திரையும் சாப்பிடுகிற உடம்பில், தண்ணீரும் சரியாகக் குடிக்காத நாளில், இது சிறுநீரகத்தைக் கெடுக்கிற கூட்டணி. டைக்ளோஃபினாக் ஜெல் 2020 முதல் இங்கே சீட்டில்லாமலே கிடைக்கிறது. மேலே தடவுவதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, முழங்கால் மாதிரி தோலுக்குப் பக்கத்து மூட்டுக்கு நன்றாக வேலை செய்யும். ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்குக் கை கொடுக்கும். அதை மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது: வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி அதிகம் குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. எப்போதாவது ஒன்று என்றால் சரி, சந்தா கட்டாதீர்கள். தூக்கம் வரவைக்கிற வலிமாத்திரை போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தொடவே கூடாது, அதில் பேச்சே இல்லை.

அமிர்தாஞ்சன், கோடாலித் தைலம் வகையறாவை விடச் சொல்லி உங்கள் முகாம்காரர்கள் கெஞ்சுவதாகக் கேள்வி. நான் அவர்கள் பக்கம். காற்று வாட்டம் சரியாக இருந்தால் மான் நம்மை மோப்பம் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் காட்டில் காற்று நாள் முழுக்க ஒரே பக்கம் அடிப்பதில்லை. ராத்திரி தடவிக்கொள்ளுங்கள். காலையில் தடவினால் மான் இருக்கட்டும், கூடாரத்துக்குள் நமக்கே கண் எரிகிறது.

இத்தனை நேரம் சொன்னது எல்லாம் சுடும்வரை. உண்மையான சோதனை சுட்ட பிறகுதான், அதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. குடல் எடுத்த பிறகும் ஒரு பெரிய கொம்பன் 60, 70 கிலோ வரும். அதைச் சேற்றிலும் விழுந்த மரத்துக்கு மேலேயும் பின்னோக்கி நடந்து இழுப்பது முழங்காலைத் திருகுகிற வேலை. இதயத்துக்கும் கெடுதல். மிச்சிகனில் நடுவயது ஆண்கள் 25 பேருக்கு வேட்டையின்போது இதயத்துடிப்புக் கருவி மாட்டிப் பார்த்து, 2007இல் வெளியிட்டார்கள். மருத்துவமனை டிரெட்மில்லில் எட்டிய உச்சத்தையும் தாண்டிப் பலருக்குத் துடிப்பு ஏறியிருந்தது. அவர்கள் நம்மைவிட இளையவர்கள். ஆகவே என் கணக்கு இது: உட்கார இடம் தேடும்போது மான் எங்கே வரும் என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். செத்த மானை எந்த வழியாக வெளியே கொண்டுவருவேன் என்பதை முதலில் பாருங்கள். வண்டிப் பாதைக்கு மேட்டுப் பக்கமாக உட்கார்ந்தால் மான் இறக்கத்தில் வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மானை எனக்குச் சுடத் தோன்றுவதில்லை. எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் சரி, கண்ணால் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

பனி இருந்தால் பிளாஸ்டிக் சறுக்குத்தட்டு, இல்லாவிட்டால் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. குடல் எடுக்கும்போது மண்டியிட வேண்டியிருந்தால், தோட்டவேலைக்கு விற்கிற நுரைப்பலகை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எடையே இராது. அதைவிட நல்லது, மானைச் சரிவுக்குக் கொண்டுபோய், அது மேலே நீங்கள் கீழே என்று நிற்கும்படி வைத்துக்கொள்வது. குனிந்தாலே கை எட்டும், குடலும் தானாக உங்கள் பக்கம் சரியும். காலணி நனையும், பரவாயில்லை. முகாமில் வயது குறைந்தவன் ஒருவனை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இழுப்பது உன் வேலை, கறியில் பாதி உனக்கு. என் முகாமில் இந்த ஒப்பந்தத்துக்கு ஆள் கிடைக்காமல் போனதே இல்லை.

விஸ்கான்சினில் நமக்குச் சாதகமான ஒரு விதி உண்டு. கூட்டாகத் துப்பாக்கி வேட்டையாடும்போது, ஒருவர் டேக்குக்காகக் கூட வந்த இன்னொருவர் மானைச் சுடலாம். இருவரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படியோ ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும் தூரத்திலோ இருக்க வேண்டும், செல்போனும் வாக்கிடாக்கியும் கணக்கில் வராது. கால் மட்டுமல்லாமல் காதும் மந்தமாகிவிட்ட நண்பர்கள் தூரத்தைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் குளிர்தான் மூட்டை முறிக்கிறது என்றால் சீசனையே மாற்றிக்கொள்ளலாம். கிராஸ்போ முன்பு 65 வயதானவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி. 2014இலிருந்து எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் போல வரை ஓடுகிறது. அக்டோபர் சாயங்காலம் லேசான சட்டையோடு உட்கார்ந்து பாருங்கள், முழங்கால் இருப்பதே மறந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் நாணை இழுத்து மாட்டுவதற்கு, முன்னால் இருக்கிற வளையத்தில் காலை வைத்துக் குனிந்து, 150 பவுண்டுக்கும் மேலே இழுக்க வேண்டும். கயிற்றுக்கொக்கி அதைப் பாதியாக்கும். கைப்பிடியைச் சுழற்றி ஏற்றுகிற வகை இன்னும் சுலபம், விலை கூடுதல். அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள், முதுகும் சேர்ந்து போவதைவிட மேல்.

நடக்கவே முடியாத நிலைக்குப் போனவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. மாநில இயற்கை வளத் துறை, மருத்துவர் சான்றைப் பார்த்து, நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்தபடியே சுட அனுமதி தருகிறது. அக்டோபர் தொடக்கத்தில், நில உரிமையாளர்கள் இடம் கொடுத்து நடக்கிற தனித் துப்பாக்கி வேட்டையும் அப்படிப்பட்டவர்களுக்காகவே உண்டு. விண்ணப்பிக்க நம் ஆட்கள் தயங்குகிறார்கள். தமிழ்ச் சங்கத்தில் தெரிந்துவிடுமாம். தெரிந்தால் என்ன, அடுத்த வருஷம் இரண்டு பேர் கூடச் சேர்ந்து விண்ணப்பிப்பார்கள்.

கடைசியாக, மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. ‘சீசன் முடியட்டும்’ என்று வருஷா வருஷம் தள்ளாதீர்கள், ஆகஸ்டில் போய்ப் படுக்கவும் செய்யாதீர்கள். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தேதி கேளுங்கள். சாதாரண நடைக்குத் திரும்ப மூன்று மாதம் போல ஆகும். கரடுமுரடான தரையில் நம்பிக்கையோடு கால் வைக்க இன்னும் கொஞ்சம் கூடுதல். நவம்பருக்குள் எல்லாம் ஆகிவிடும். புது மூட்டோடு மண்டியிடுவது பலருக்குக் கடைசிவரை சங்கடமாகத்தான் இருக்கிறது என்பதால் அந்த நுரைப்பலகை அப்போதும் வேண்டும். இரண்டு முழங்காலும் போனவர்கள் ஒரே தடவையில் செய்வதா, தனித்தனியாகவா என்பதை மருத்துவரோடு பேசும்போது, ‘எனக்கு நவம்பரில் காட்டில் நடக்க வேண்டும்’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு மாடிப்படி ஏற வேண்டும் என்று மட்டும் சொன்னால் அந்த அளவுக்குத்தான் பயிற்சி கொடுப்பார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்